கக்கூஸ் லைனும் குழியும் கிணறும்: வன்னி வீட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியைச் சுற்றி வீட்டு பைப் வேலை செய்கிறேன். மீள்குடியேற்றக் காலத்தில் தறப்பாள் கொட்டில்களுக்குப் பின்னால் குழி வெட்டத் தொடங்கினேன். இப்போது ரைல்ஸ் பதித்த பாத்ரூம்களின் லைனைத் திருத்துகிறேன். கார்த்திகை பிறந்தால் போன் ஓயாது. புளியங்குளத்திலிருந்து எடுத்தாலும் புதுக்குடியிருப்பிலிருந்து எடுத்தாலும் கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான். போனில் அரைகுறையாகச் சொல்லி விடுவதைவிட ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. வாசிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: எங்கள் ஊரில் கக்கூஸ் தண்ணீரும் குடிதண்ணீரும் ஒரே வளவு மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

லைன், லைன் எண்டு எதைச் சொல்லுறியள்? கொழும்பில இருக்கிற மாதிரி எங்களுக்கு ஒண்டும் இல்லையே?

கொழும்பில் தெருவுக்கு அடியால் பொதுக் கழிவுக் குழாய் போகிறது. வீட்டு பைப்பை அதில் கொடுத்துவிட்டால் அங்கால் நடப்பது வீட்டுக்காரரின் பாடு இல்லை. வன்னியில் அப்படி இல்லை. கொமட்டில் ஊற்றும் வாளித் தண்ணீர் உங்கள் வளவுக்குள்ளேயே பயணத்தை முடித்துக்கொள்கிறது. கொமட்டின் கீழே வளைந்த கழுத்து, அதிலிருந்து 4 அங்குல பி.வி.சி. பைப், வசதியான வீடென்றால் இடையில் மூடிபோட்ட சதுரப் பெட்டி ஒன்று (மேன்ஹோல் என்கிறோம்), பிறகு குழி. வீட்டுத்திட்ட வீடுகளில் அநேகமாக ஒற்றைக் குழிதான். கல்லை இடைவெளி விட்டுக் கட்டி, தண்ணீரை மண் உறிஞ்ச விட்டிருப்பார்கள். சிலரிடம் அடி பூசிய செப்டிக் டாங்கியும் அதற்குப் பின்னால் உறிஞ்சு குழியும் இருக்கும். டாங்கியில் கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கும். இவ்வளவும்தான் லைன்.

பிரச்சினை வரப்போகுது எண்டு முன்கூட்டியே தெரியுமோ?

தெரியும். லைன் ஒரே நாளில் சாவதில்லை, மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வாளி ஊற்றினால் போகவேண்டியது இரண்டு வாளி கேட்கும். தண்ணீர் முதலில் மேலே ஏறி, யோசித்து, மெல்ல இறங்கும். குளிக்கும்போது கொமட்டுக்குள் "களக் களக்" என்று சத்தம் வரும். விடியப்புறம் கதவைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அடிக்கும். வெளியில் பார்த்தால், கோடை வெயிலில் வளவு முழுக்கக் காய்ந்து கிடக்க, குழியைச் சுற்றி மட்டும் புல் பச்சையாக நிற்கும். குழி மூடியின் ஓரத்தில் மண் ஈரமாகவும் காலுக்கு மெத்தென்றும் இருக்கும். கரப்பானும் நுளம்பும் திடீரென்று கூடும்.

இதில் எதைக் கண்டாலும் அடுத்த மாரி வரை பொறுக்க வேண்டாம். ஆவணியில் இரண்டு மணித்தியாலத்தில் முடியும் வேலை, கார்த்திகையில் இரண்டு நாள் இழுக்கும்.

பைப் அடைச்சிருக்கோ, குழி நிரம்பியிருக்கோ எண்டு எப்படிப் பிரிச்சு அறியிறது?

இதை வீட்டுக்காரரே கண்டுபிடிக்கலாம். பிழையான ஆளைக் கூப்பிட்டுக் காசைக் கரைக்கவும் தேவையில்லை. பைப் அடைப்புக்கு பவுசர் (கழிவு உறிஞ்சும் தாங்கி வண்டி) பிடித்து, குழியை உறிஞ்சிய பிறகும் தண்ணீர் போகாமல் நின்ற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், வீட்டில் எத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். கொமட் மட்டும் என்றால் அடைப்பு கொமட் கழுத்தில் இருக்கும். ஒரே லைனில் தொடுத்த குளியலறையும் சேர்ந்து நின்றால், அடைப்பு இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால். பிறகு மேன்ஹோல் மூடியைத் திறவுங்கள். பெட்டி காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் பெட்டிக்கும் இடையில். நிரம்பி நின்றால் பெட்டிக்கும் குழிக்கும் இடையில், அல்லது குழியே நிரம்பிவிட்டது.

கடைசி இரண்டையும் பிரிப்பது நேரம். பைப் அடைப்பு சட்டென்று வரும்: நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று காலை நின்றுவிட்டது. குழி நிரம்பினால் காலையில் முதல் ஆள் போகும்போது ஓரளவு இறங்கும், பின்னேரம் ஆகும்போது தேங்கி நிற்கும், இரவு ஒருவரும் பாவிக்காமல் விட்டால் மறுபடி கொஞ்சம் இறங்கியிருக்கும். இரவில் மண் உறிஞ்சுகிறது. பகலில் நீங்கள் ஊற்றுவதற்கு அது ஈடுகொடுக்கவில்லை.

மேன்ஹோல் இல்லாத வீட்டில், உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து கொமட்டில் ஊற்றி, பைப் போகும் வழியில் நடந்து பாருங்கள். எங்காவது மண்ணில் நீலம் கசிந்தால் பைப் உடைந்த இடம் அதுதான்.

அந்தக் களக் களக் சத்தம் ஏன் வருகுது?

பைப்புக்குள் தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் காற்று வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் காற்று கொமட் கழுத்தில் நிற்கும் தண்ணீரை உடைத்துக்கொண்டு வரும், அந்தச் சத்தம்தான் அது. கழுத்தில் நிற்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் குழியின் வாயு வீட்டுக்குள் வராமல் காக்கிற கதவு. அது உறிஞ்சப்பட்டுப் போனால் நாற்றம் நேரே உள்ளே வரும். கூரைக்கு மேல் உயர்த்திய காற்றுப் பைப்பை அண்ணாந்து பாருங்கள். குளவிக் கூடு, பறவைக் கூடு, காய்ந்த இலை என்று ஏதாவது வாயை அடைத்திருக்கும். சுத்தம் செய்துவிட்டு, வாயில் நுளம்பு வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பு வகை இப்படியான குழிகளில்தான் பெருகும்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கழுத்துத் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் சரி.

அடைப்பை நாங்களே எடுக்கலாமோ? அசிட் ஊத்தினால் போகுமெண்டு சொல்லுகினம்.

எடுக்கலாம். ஹாட்வெயர் கடையில் விற்கும் ரப்பர் பம்பை கொமட் வாயில் தண்ணீர் மூடும்படி வைத்து, இருபது முப்பது தரம் ஒரே சீராக அமத்தி இழுங்கள். பலம் இழுப்பில்தான் இருக்கிறது, குத்துவதில் இல்லை. அதற்கும் அசையாவிட்டால் மேன்ஹோல் பக்கமிருந்து வளையும் ஸ்பிரிங் கம்பியை விட வேண்டும். கட்டடக் கம்பியை விடாதீர்கள். முதல் வளைவிலேயே பைப்பைத் துளைத்துவிடும். கொதிதண்ணீரும் வேண்டாம். பி.வி.சி. இளகி, பைப் தொய்ந்துவிடும்.

அசிட் பற்றி இரக்கிறேன், வேண்டாம். துணியோ பாம்பர்ஸோ அடைத்திருந்தால் அசிட் அதைக் கரைக்காது. கழுத்தில் தேங்கி நிற்கும். அடுத்த நாள் அடைப்பு எடுக்க வரும் ஆளின் கண்ணில் அது தெறிக்கும். அசிட்டை குளோரின் கலந்த வெள்ளைத் திரவத்தோடு சேர்த்துவிட்டால் கிளம்பும் வாயு நுரையீரலை எரிக்கும். போதாததற்கு, குழிக்குள் மலத்தைச் செரிக்கும் கிருமிகளையும் கொன்றுவிடும். அவைதான் குழியை இத்தனை வருடம் தாக்குப்பிடிக்க வைக்கின்றன. ஏற்கனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் வேலைக்கு வருபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வருசமும் ஒரே இடத்திலதான் அடைக்குது. ஏன்?

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைத்தால் அழுக்கைத் தேடாமல் பைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நான் காண்பது மூன்று காரணம்.

ஒன்று, வேர். விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று வருடம் தொடர்ந்து அடைப்பு எடுத்தும் தீரவில்லை. கடைசியில் வேப்பமரத்தடியில் தோண்டினோம். பைப்பின் ஜொயின்ட் பசை போடாமல் வெறுமனே செருகப்பட்டிருந்தது. மயிரிழை அளவு இடைவெளிதான். அதற்குள்ளால் நுழைந்த வேரைப் பிடித்து இழுத்தபோது இரண்டு முழ நீளத்துக்குப் பின்னிவிட்ட தலைமுடி மாதிரி வந்தது. நுனியெல்லாம் கழிவு கோத்துக் கிடந்தது. மரத்தில் குற்றமில்லை. கோடையில் ஈரம் எங்கே கசிகிறதோ வேர் அங்கே போகும். ஜொயின்டைப் பசைபோட்டு இறுக்கினோம், அதன் பிறகு அந்த வீட்டில் அடைப்பு இல்லை. வேம்பும் நிற்கிறது.

இரண்டு, பாரம். அறுவடை நாளில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி பைப்புக்கு மேலால் போகும். முக்கால் அடி ஆழத்தில் மண்ணை மட்டும் போட்டு மூடிய பைப் அதைத் தாங்காது. நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். வாகனம் போகும் பாதைக்குக் குறுக்கே பைப் போகத்தான் வேண்டும் என்றால் இரண்டடியாவது தாழ்த்தி, மணல் பரப்பி, மேலே கொங்கிறீட் பலகை போடுங்கள்.

மூன்று, சாய்வு. 4 அங்குல பைப்புக்கு நாலு அடிக்கு ஒரு அங்குலச் சரிவு வேண்டும். குறைந்தால் கழிவு தங்கும். கூடினாலும் நல்லதில்லை, தண்ணீர் முந்தி ஓடிவிடக் கழிவு பின்தங்கிவிடும்.

குசினித் தண்ணியையும் குளிக்கிற தண்ணியையும் அதே குழிக்குள்ள விடலாமோ?

விடாதீர்கள். அம்மாமார் குசினித் தண்ணீரை வாழைக்கு விட்டது சரியான ஏற்பாடு. ஒரு குடும்பம் குளித்துத் துவைத்து ஊற்றும் தண்ணீர் கக்கூஸ் தண்ணீரைப்போலப் பலமடங்கு. அதையும் வாங்கினால் முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் குழி மாதங்களில் நிரம்பிவிடும். சோற்றுப்பருக்கையும் எண்ணெயும் வழியிலேயே இறுகி பைப்பைச் சுருக்கும்.

மாரியில மட்டும்தான் கக்கூஸ் போகுதில்லை. மற்ற நேரம் ஒரு குறையும் இல்லை. என்ன செய்யிறது?

வன்னியில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ் மழை ஊற்றும்போது நிலத்தடி நீர் மேலே வருகிறது. குளம் வான்பாயும் காலத்தில் வயலோர வீடுகளில் அது குழியின் பாதி உயரத்துக்கும் வந்துவிடும். அப்போது குழியில் உள்ள தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இடமில்லை. மண்ணில் உள்ள தண்ணீர்தான் குழிக்குள் வருகிறது. குழி கெட்டுப்போகவில்லை, மண் நிரம்பியிருக்கிறது.

இந்த நேரத்தில் பவுசர் பிடித்து உறிஞ்சுவது காசை வெள்ளத்தில் விடுவது. இரண்டு நாளில் நிலத்தண்ணீர் குழியை மறுபடி நிரப்பிவிடும். ஆபத்தும் உண்டு: வெறுமையான குழியை வெளியிலிருந்து ஈரமண் தள்ளும், கட்டு உள்ளே சரியும். பிளாஸ்ரிக் டாங்கி என்றால் மிதந்து கிளம்பி பைப்பை முறித்துவிடும். நிலத்தண்ணீர் இறங்கும்வரை ஊற்றும் தண்ணீரைக் குறையுங்கள். கூரைத் தண்ணீர் குழிப்பக்கம் ஓடாமல் வாய்க்கால் வெட்டுங்கள். நிரந்தரத் தீர்வு கோடையில்தான்: மேட்டுப் பக்கமாக, ஆழம் குறைத்து அகலம் கூட்டிய குழி. மூடி நிலத்துக்கு மேல் ஒன்றரை இரண்டடி உயர்ந்து நிற்க, சுற்றி மண் அணைக்க வேண்டும். வீட்டு அத்திவாரம் அதற்கேற்ற உயரம் இருந்தால்தான் பைப்புக்குச் சாய்வு கிடைக்கும், அதை முதலில் அளந்து பாருங்கள்.

வெள்ளம் வளவுக்குள் வந்துவிட்டால் கதை வேறு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் கிடந்தபோது, குழிக்கு மேலால் ஓடிய அதே வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலாலும் ஓடியது. அப்படியான கிணற்றை, தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதற்காகக் குடிக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை வேறிடத்துத் தண்ணீர்.

கிணத்துக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் வேணும்?

50 அடிக்குக் குறையக் கூடாது. முல்லைத்தீவுக் கரையோர மணலிலும், பூநகரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் 100 அடி என்று வையுங்கள். மணலும் வெடித்த கல்லும் தண்ணீரை வடிகட்டாது, ஓட விடும். களிமண் மெல்ல விடும், அதனால் கிருமி வழியிலேயே சாக நேரம் கிடைக்கும். குழியின் அடிக்கும் மாரிகால நீர்மட்டத்துக்கும் இடையில் ஐந்தாறு அடி காய்ந்த மண் இருக்க வேண்டும். குழி எப்போதும் கிணற்றுக்குப் பள்ளத்துப் பக்கம்.

அளக்கும்போது அயல்வீட்டுக் கிணற்றையும் அளவுங்கள். கால் ஏக்கர் துண்டுகளில் எல்லாரும் குழியைத் தங்கள் பின்வேலிக்குத் தள்ளுகிறார்கள். உங்கள் பின்வேலிக்கு அங்கால் அவர்களின் கிணறு இருக்கும். இதில் மனஸ்தாபம் வந்த வீடுகள் பல. குழி வெட்ட முதல் அயலவரையும் கூப்பிட்டு, நாடா பிடித்து அளந்தால் அந்தச் சண்டை வராது.

கிணற்றுத் தண்ணீர் மணக்கவில்லை, நிறம் மாறவில்லை, ஆகவே நல்லது என்று யாரும் நினைக்கக் கூடாது. நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, வயிற்றோட்டம் கொண்டுவரும் கிருமிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்தபின், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். அதுவரை கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். ஆனால் குழியிலிருந்து இறங்கும் நைத்திரேற்று கொதித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். பால்மா கரைக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எத்தனை வருசத்துக்கு ஒருக்கால் குழி எடுக்கிறது?

செப்டிக் டாங்கி என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. நாள்கணக்கைவிட அளந்து பார்ப்பது நல்லது. நீளத் தடியின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, பார்வை மூடியால் அடி முட்ட இறக்கி, கொஞ்சம் பொறுத்து எடுங்கள். துணியில் கரிய சேறு படிந்த உயரம், மொத்த ஆழத்தில் மூன்றில் ஒன்றைத் தொட்டால் எடுக்க வேண்டிய நேரம். குனிந்து மூடிக்குள் முகத்தைக் கொடுக்காதீர்கள், பீடியோ நெருப்போ கிட்டக் கூடாது.

பிரதேச சபையில் பதிந்து பணம் கட்டினால் பவுசர் வரும். ஆவணி புரட்டாதியில் பதியுங்கள். தனியாரைப் பிடித்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். காட்டோரத்தில், குளத்து வாய்க்காலில் கொட்டுபவருக்குக் காசு கொடுத்தால், அந்தக் கழிவு அடுத்த கிராமத்துக் கிணற்றுக்கு உங்கள் காசில்தான் போகிறது.

ஆளை இறக்கி வாளியால அள்ளுறது மலிவெண்டு சொல்லுகினமே?

இல்லை. இதற்கு விளக்கம் கேட்காமலே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் மெதேனும் ஐதரசன் சல்பைட்டும் நிற்கும். பின்னது அழுகிய முட்டை மணம் தரும், செறிவு கூடினால் மூக்கு அந்த மணத்தையே உணராமல் மரத்துப்போகும். "மணம் போயிட்டுது, இனி இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் உயிர் போகும் நேரம். ஓரிரு மூச்சில் மயங்கி விழலாம். மெழுகுதிரி இறக்கிப் பார்ப்பது பழைய பழக்கம். மெதேன் இருந்தால் வெடிக்கும்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். மகன் விழ அப்பா, அப்பாவை எடுக்கத் தம்பி என்று ஒரே குழியில் அடுத்தடுத்துச் சாவது இப்படித்தான். மூடிகளை முழுக்கத் திறந்து, மேலே நின்று கயிறு போட்டு, 1990 அம்புலன்சுக்கும் 119 பொலிஸ் அவசர இலக்கத்துக்கும் உடனே அடியுங்கள்.

மூடியையும் பாருங்கள். அடியிலிருந்து வாயு அரித்து, உள்ளே கம்பி துருப்பிடித்து, மேலே நல்லதாகத் தெரியும் கொங்கிறீட் ஒருநாள் மாடு ஏறினால் இடியும். அதே இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வெடிப்பும் துருக்கறையும் கண்டால் அன்றே தடி நட்டு அடைத்து, மாற்றுங்கள்.

புதுக் குழி வெட்டப்போறம். கவனிக்க வேண்டியது என்ன?

எங்கள் மண்ணுக்கு முதற் கவனம் வேறு: போர்க்காலத்து வெடிபொருள் உள்ளே கிடக்கலாம். அலவாங்கு இரும்பில் பட்டு வேறு சத்தம் கேட்டால், துருவேறிய உருளையோ வயரோ தெரிந்தால், நிறுத்துங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம், ஓரமாக எடுத்துவைக்கவும் வேண்டாம். அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, வந்த வழியே விலகி, 119க்கு அறிவியுங்கள்.

பிறகு மேசனிடம் கேட்க வேண்டியவை. பைப் திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை எல்போ போடாமல் இரண்டு 45 பாகை போடச் சொல்லுங்கள், கழிவு முட்டாமல் வழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து குத்த ஒரு வாய் வேண்டும். மண் மூட முதல் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். மூடிய பிறகு ஒருவரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். அந்தத் திறந்த பைப்பை, சுவரிலிருந்து நாடா பிடித்த அளவு தெரியும்படி போனில் படம் எடுத்து, காணி உறுதி வைத்திருக்கும் பையிலேயே ஒரு பிரதி வையுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு லைன் எங்கால் போகிறது என்று தெரியாமல் முற்றம் முழுக்கக் கிண்டிய வீடுகள் இருக்கின்றன.

பழைய குழியை அப்படியே விடலாமோ?

கூடாது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த வளவுகளில், யார் வெட்டியது என்று தெரியாத குழிகள் தகரமும் பலகையும் போட்டு மூடியபடி கிடக்கின்றன. பலகை உக்கிவிட்டிருக்கும். பவுசரால் உறிஞ்சி எடுத்து, மூடியை உடைத்து உள்ளே போட்டு, சுண்ணாம்பு தூவி, மண்ணை அடுக்கு அடுக்காக இறுக்கி நிரப்புங்கள். உறிஞ்ச வழியில்லாவிட்டால் மண் மூடி, வேலி அடைத்து, இரண்டு வருடம் தொடாமல் விடுங்கள். உள்ளிருப்பது மக்கி மண்ணாகும். எப்படி மூடினாலும் அடுத்த ஒன்றிரண்டு மாரிக்கு அந்த இடம் கீழே அமரும், மறுபடி மண் போட வேண்டிவரும். அதற்குமேல் சுவரோ கிணறோ வேண்டாம். ஒரு வாழை வைக்கலாம்.